சிதற வழியில்லாத ஓட்டம்

கண்ணாடிக் குடுவைக்குள் திரவ ஹீலியம் கொதிக்கிறது. அடுப்பில் வைத்த உலைநீர் போலவே குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைகின்றன. ஆனால் அதன் வெப்பநிலை 4.2 கெல்வின், பனிக்கட்டி உருகும் நிலைக்கு 269 டிகிரி கீழே. மேலே நிற்கும் ஆவியைப் பம்பால் உறிஞ்ச உறிஞ்சத் திரவம் இன்னும் குளிர்கிறது, கொதிப்பும் மும்முரமாகிறது. 2.17 கெல்வினைத் தொட்டதும் சட்டென்று எல்லாம் அடங்கிவிடுகிறது. ஒரு குமிழிகூட இல்லை. குடுவைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிவு.

ஆவியாவது நிற்கவில்லை. மேற்பரப்பிலிருந்து ஓசையில்லாமல் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கிறது. குமிழி உண்டாக வேண்டுமானால் திரவத்துக்குள் ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சற்றுச் சூடாக இருக்க வேண்டும். இந்தப் புதிய நிலையில் வெப்பம் பரவும் வேகத்துக்கு அப்படி ஓரிடம் உருவாகவே முடிவதில்லை. இதே திரவத்தை ஒரு சிறு கிண்ணத்தில் அள்ளித் தொங்கவிட்டால், உட்சுவரில் மெல்லிய படலமாக ஏறி, விளிம்பைத் தாண்டி, வெளிப்பக்கமாக இறங்கி, அடியில் துளித்துளியாகச் சொட்டிக் கிண்ணத்தையே காலி செய்துவிடும். சாதாரணத் திரவ ஹீலியம் நுழையத் தயங்கும் நுண்துளைகளில் இது தங்குதடையின்றி ஓடும். இதற்குத்தான் மீப்பாய்மம் என்று பெயர். ஆய்வகங்களில் சூப்பர்ஃப்ளூயிட் என்பார்கள்.

"உராய்வே இல்லாத திரவம்" என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. அந்த வரி எனக்கு என்றைக்கும் போதவில்லை. இல்லை என்றால், இருந்த உராய்வு எங்கே போயிற்று? இதற்கு விடை தேட, உராய்வு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குழாயில் ஓடும் தண்ணீரின் மூலக்கூறுகள் சுவரில் மோதுகின்றன, ஒன்றையொன்று இடிக்கின்றன, திசைமாறிச் சிதறுகின்றன. ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்த இயக்கம் தாறுமாறான அசைவாக, அதாவது வெப்பமாக மாறுகிறது. பாகுநிலை என்று நாம் அளக்கும் எண் கோடானுகோடிச் சிதறல்களின் கூட்டுத்தொகைதான். அது பூச்சியம் என்றால், சிதறல் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கான விடையை முதலில் காகிதத்தில் எழுதினார்கள். பிறகு அணுக்கருக்கள்மேல் நியூட்ரான்களை மோதவிட்டு நேரிலேயே பார்த்தார்கள். கடைசியில் அதே விடை ஒரு விண்மீனின் ஓட்டுக்குள்ளும் தேவைப்பட்டது.

ஹீலியத்தின் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு முனை உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சுக்காரர் ழூல் ழான்சன் நிறமாலைமானியோடு பார்த்தார். சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு ஒரு புதிய தனிமத்தினுடையது என்று இங்கிலாந்தின் நார்மன் லாக்கியர் முடிவுகட்டினார். பூமியில் அது 1895இல்தான் வில்லியம் ராம்சே கைக்குக் கிடைத்தது. 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் அதைத் திரவமாக்கினார்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 30 ஆண்டுகள், மேலே சொன்ன அடக்கம் பல பேருடைய கண்முன்னே பலமுறை நடந்தது. 2.17 கெல்வினில் ஏதோ மாறுகிறது என்று லைடனில் கீசோமும் வோல்ஃப்கேயும் 1927இல் கண்டார்கள். அந்த இடத்தில் வெப்ப ஏற்புத்திறனின் வரைபடம் கிரேக்க எழுத்து லாம்டாவைப் போல எழுந்து விழுந்ததால் லாம்டா புள்ளி என்று பெயரும் வந்தது. ஆனால் அந்தப் புள்ளிக்குக் கீழே திரவம் எப்படி ஓடுகிறது என்று கவனிக்க 1938 வரவேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 8 தேதியிட்ட நேச்சர் இதழில் இரண்டு கடிதங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று மாஸ்கோவிலிருந்து பியோத்ர் கபீட்சா எழுதியது. மற்றது கேம்பிரிட்ஜிலிருந்து ஜான் ஆலனும் டான் மைஸ்னரும் எழுதியது. கபீட்சா கேம்பிரிட்ஜில் ரதர்ஃபோர்டின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தவர். அவருக்காகவே அங்கே மாண்ட் ஆய்வகம் கட்டப்பட்டது. 1934இல் ஊருக்குப் போனவரைச் சோவியத் அரசு திரும்பவிடவில்லை. அவர் விட்டுவந்த அதே ஆய்வகத்திலிருந்துதான் போட்டிக் கடிதமும் வந்தது. கபீட்சா, தேய்த்து மெருகேற்றிய இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அரை மைக்ரான் அளவே உள்ள இடுக்கில் ஹீலியத்தை ஓடவிட்டார். லாம்டா புள்ளிக்குக் கீழே பாகுநிலை குறைந்தது 1,500 மடங்கு சரிந்திருந்தது. சூப்பர்ஃப்ளூயிட் என்ற சொல்லும் அந்தக் கடிதத்தில்தான் பிறந்தது.

ஒரு முரண்பாடும் கூடவே வந்தது. மெல்லிய இடுக்கில் ஓடவிட்டால் பாகுநிலை இல்லை. அதே திரவத்துக்குள் ஒரு வட்டைத் தொங்கவிட்டு முறுக்கி ஆட்டினால், ஆட்டம் மெல்ல மெல்ல அடங்குகிறது. அதாவது பாகுநிலை இருக்கிறது. ஒரே திரவம், இரண்டு பதில்.

இங்கே இரண்டு பெரிய மனங்கள் இரண்டு பக்கமிருந்து வந்தன. பாரிசிலிருந்த ஃபிரிட்ஸ் லண்டன், டாக்காவில் சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் போட்ட கணக்கை நினைத்துக்கொண்டார். ஹீலியம்-4 அணுக்கள் போசான்கள், அதாவது எத்தனை வேண்டுமானாலும் ஒரே நிலையில் சேரக்கூடிய வகைத் துகள்கள். போதிய குளிரில் அவை ஒரே குவாண்டம் நிலையில் போய்க் கூடும். இந்த மாற்றம் அந்தச் செறிவுதான் என்றார். லாஸ்லோ திஸா அதிலிருந்து, திரவம் இரண்டு பாய்மங்களின் கலவை என்ற படத்தை வரைந்தார். மாஸ்கோவில் லெவ் லாண்டாவ் இந்த வழியை ஏற்கவில்லை. அவர் 1938 ஏப்ரலில் கைதாகி ஓராண்டு சிறையில் கிடந்தவர். கபீட்சா மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, தன் பொறுப்பில் அவரை வெளியே கொண்டுவந்தார். 1941இல் லாண்டாவ் எழுதிய கோட்பாட்டில் போஸ் பெயருக்கே இடமில்லை. பின்னாளில் பார்க்கும்போது இருவரிடமும் ஆளுக்கொரு பாதி உண்மை இருந்தது. ஆனால் உராய்வு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நேர் பதில் சொன்னவர் லாண்டாவ்தான் என்பேன்.

அவருடைய வாதத்தை வீட்டுக் கணக்குப் போலவே சொல்லலாம். ஓட்டத்தின் குறுக்கே சுவரிலோ அடியிலோ ஒரு சிறு மேடு இருக்கிறது. அதில் இடித்து ஓட்டம் வேகம் குறைய வேண்டுமானால், தன் இயக்கத்தில் கொஞ்சத்தைத் திரவத்துக்குள்ளேயே ஒரு கிளர்வாக மாற்றியாக வேண்டும். அந்தக் கிளர்வுக்கு ஓர் ஆற்றல் உண்டு, ஓர் உந்தமும் உண்டு. இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் நேராக வேண்டும். கடன் கொடுக்க மனம் இருந்தால் போதாது, வாங்க ஆள் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிபந்தனை வருகிறது: கிளர்வின் ஆற்றலை அதன் உந்தத்தால் வகுத்தால் வருவது ஒரு வேகம், ஓட்டம் அந்த வேகத்தைத் தாண்டினால்தான் அந்தக் கிளர்வைப் பிறப்பிக்க முடியும். இருக்கும் கிளர்வுகள் எல்லாவற்றிலும் இந்த வகுத்தலின் மிகச்சிறிய மதிப்பு எதுவோ, அதற்குக் கீழே ஓடும் திரவம் எதையும் இழக்க வழியில்லை. சிதறக்கூடாது என்று தடை எதுவும் கிடையாது. சிதறிப் போய்ச் சேர ஓரிடம் இல்லை.

தனித்தனி அணுக்களாக, ஒன்றோடொன்று ஒட்டுறவில்லாமல் இருந்தால் இந்த வேகம் பூச்சியம். அங்கே மிகச் சிறிய உந்தத்தை அதைவிடச் சிறிய ஆற்றல் செலவில் வாங்கிக்கொள்ள எப்போதும் ஓர் அணு தயாராக இருக்கும். ஆகவே ஒரே நிலையில் கூடிவிட்டால் மட்டும் மீப்பாய்மம் ஆகிவிடாது; அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் இழுப்பதும் அவசியம். அந்த உறவுதான் மலிவான கிளர்வுகளை எல்லாம் இல்லாமலாக்குகிறது. ஹீலியத்தில் சிறிய உந்தத்துக்குக் கிடைப்பது ஒலி அலை மட்டுமே. அதன் வேகம் நொடிக்கு 238 மீட்டர். உந்தம் கூடக்கூட ஆற்றல் வளைகோடு ஏறி, ஒரு மேட்டைத் தாண்டி, ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறுகிறது. பள்ளத்தைச் சுற்றியுள்ள கிளர்வுகளுக்கு ரோட்டான் என்று பெயர். அங்கே வகுத்தல் நொடிக்கு ஏறத்தாழ 59 மீட்டர் என்று வருகிறது. கணக்கின்படி அதுதான் எல்லை.

லாண்டாவ் இந்த வளைகோட்டைப் பார்த்து வரையவில்லை. வெப்ப ஏற்புத்திறனை வைத்து ஊகித்தார். 1947இல், பெஷ்கோவ் அளந்த இரண்டாம் ஒலி என்ற வெப்ப அலையின் வேகத்தை வைத்துத் திருத்தினார். மேடும் பள்ளமுமான அந்தக் கோடு உண்மையில் திரவத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் கண் இல்லை. அந்தக் கண்ணாக வந்தது நியூட்ரான்.

1957இல் மைக்கேல் கோஹனும் ரிச்சர்ட் ஃபைன்மனும் ஒரு யோசனையை எழுதினார்கள். மெதுவான நியூட்ரான்களை, எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் இருக்கும்படி வடிகட்டி, திரவ ஹீலியத்துக்குள் அனுப்புங்கள். ஒவ்வொரு நியூட்ரானும் ஒரு கிளர்வைப் பிறப்பித்துவிட்டுத் திசைமாறி வெளியே வரும். எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகம் குறைந்து வந்தது என்று அளந்தால், அது உள்ளே விட்டுவந்த ஆற்றலும் உந்தமும் கைக்குக் கிடைத்துவிடும். லாண்டாவின் கணக்கேதான், தலைகீழாக: ஓட்டத்தால் கொடுக்க முடியாத கடனை நியூட்ரான் கொடுக்கிறது. அதனால் முடியும், ஏனென்றால் அதன் வேகம் 59 அல்ல. நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர்.

இதற்கு ஏன் நியூட்ரான்தான் வேண்டும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் போகும் நியூட்ரானின் அலைநீளம் 4 ஆங்ஸ்ட்ராம். திரவ ஹீலியத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவு. அதன் ஆற்றல் சுமார் 5 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ரோட்டான் பள்ளத்தின் அடிமட்ட ஆற்றல் 0.74 மில்லி எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் 8.65 கெல்வின். ஆகவே ஒரு ரோட்டானைப் பிறப்பித்த நியூட்ரான் தன் கையிருப்பில் ஏழில் ஒரு பங்கை இழந்து வருகிறது, எளிதில் அளந்துவிடலாம். அதே அலைநீளமுள்ள எக்ஸ் கதிரிடம் 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். அது இழப்பது 40 லட்சத்தில் ஒரு பங்கு. பெரும் பணக்காரர் தொலைத்த ஒற்றை ரூபாயைப் போல அது கணக்கிலேயே தெரியாது.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் அதற்கு ஒரு பொருட்டல்ல. அது உணர்வது அணுக்கருவை மட்டும். ஹீலியம் அணுக்கருவை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால், அடுத்த கடுகு 200 மீட்டருக்கு அப்பால் கிடக்கும். அப்படிப் பரந்த வெளியில் வரும் நியூட்ரான் அலையோ பல கடுகுகளை ஒருசேரத் தொடும் அளவுக்கு அகலமானது. மெதுவான நியூட்ரானுக்கு அணுக்கரு வெறும் புள்ளி. அதற்குள் இருக்கும் வலுவான விசையின் சிக்கல் எல்லாம் சிதறல் நீளம் என்ற ஒற்றை எண்ணில் அடங்கிவிடும். ஹீலியம்-4க்கு அது சுமார் 3.3 ஃபெம்டோமீட்டர். ஒவ்வொரு கருவிலிருந்தும் கிளம்பும் சிற்றலைகள் கூடியும் கழிந்தும் வெளிவருகின்றன. அந்தக் கூட்டல் கழித்தலில்தான் அணுக்கள் சேர்ந்து எப்படி அசைகின்றன என்ற செய்தி இருக்கிறது.

இதில் இயற்கை நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. ஹீலியம்-4இன் கருவுக்குச் சுழற்சி இல்லை, அது நியூட்ரானை விழுங்குவதும் இல்லை. ஐந்தாவது துகளைச் சேர்த்துக்கொண்டு நிலைத்திருக்க அதனால் முடியாது. வந்த நியூட்ரான் சுத்தமாகச் சிதறி வெளியேறும். ஒரே ஒரு நியூட்ரான் குறைந்த ஹீலியம்-3 இதற்கு நேர்மாறு. மெதுவான நியூட்ரானைக் கண்டால் பசியோடு விழுங்கி, ஒரு புரோட்டானையும் டிரிட்டான் என்ற கன ஹைட்ரஜன் கருவையும் கக்கும். அதனாலேயே பிற்காலத்தில் நியூட்ரான் உணர்கருவிகளுக்குள் ஹீலியம்-3 வாயுவை நிரப்பினார்கள். ஓர் உடன்பிறப்பு சிதறடிக்க, மற்றொன்று எண்ணிக்கொள்ளும்.

ஸ்டாக்ஹோமிலும் லாஸ் அலமோஸிலும் முதல் அளவீடுகள் நடந்தன. 1961இல் கனடாவின் சாக் ரிவர் உலைக்கூடத்தில் ஹென்ஷாவும் வுட்ஸும் வளைகோட்டை முழுவதுமாக வரைந்து காட்டினார்கள். நியூட்ரான் நிறமாலைக் கலைக்காகப் பின்னர் 1994இல் நோபல் பரிசு பெற்ற பெர்ட்ராம் புரோக்ஹவுஸ் இருந்த இடம் அது. இந்திய அணு ஆற்றல் ஆணையத்தின் தலைவராகப் பின்னாளில் உயர்ந்த பி. கே. அய்யங்கார் இளம் வயதில் அவரோடு அங்கே வேலை பார்த்திருக்கிறார். அளவீட்டில் ஒலியின் நேர்கோடு இருந்தது, மேடு இருந்தது, பள்ளமும் லாண்டாவ் சொன்ன இடத்துக்கு மிக அருகில் இருந்தது. வெப்ப அளவீடுகளை வைத்து ஒருவர் ஊகித்த கோட்டை, அதைப் பற்றி எதுவும் அறியாத நியூட்ரான்கள் புள்ளி புள்ளியாக வந்து நிரப்பின. இயற்பியலில் இதைவிட நிறைவான தருணங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

பள்ளம் எதனால் வருகிறது? இங்கே ஃபைன்மன் செய்த வேலை பாய்ம ஓட்டத்தின் பழைய பாடத்தோடு போய்ச் சேர்கிறது. அவருடைய முதல் சூத்திரத்தில் ரோட்டானின் ஆற்றல் உண்மையைப் போல் இரு மடங்கு வந்தது. தவறு எங்கே என்று யோசித்தார். நெரிசலான பேருந்தில் ஒருவர் முன்னே நகர வேண்டுமானால் மற்றவர்கள் பக்கவாட்டில் நெளிந்து பின்னே நகர வேண்டும். திரவத்திலும் ஓர் அணு முன்னே போகும்போது சுற்றியிருப்பவை அதன் பின்பக்கத்துக்கு ஒழுகிவர வேண்டும். இந்த எதிரோட்டத்தைச் சேர்த்துக் கோஹனோடு 1956இல் போட்ட கணக்கு, உண்மை மதிப்புக்கு மிகவும் நெருங்கி வந்தது.

இனி, இரண்டு பதில்கள் சொன்ன அந்த முரண்பாடு. திரவம் பூச்சிய வெப்பநிலையில் இல்லாதவரை, அதற்குள் ஏற்கெனவே சில ரோட்டான்களும், ஃபோனான் எனப்படும் ஒலிக் கிளர்வுகளும் உலவிக்கொண்டிருக்கும். அவை ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதிச் சிதறும். அவற்றுக்கு உராய்வு உண்டு. அந்தக் கிளர்வுகளின் கூட்டம்தான் சாதாரணப் பாய்மம். அது தவிர்த்த மீதி மீப்பாய்மம். இவை, பாலும் தண்ணீரும் போல, இன்ன அணு இதைச் சேர்ந்தது என்று பிரிக்கக்கூடியவை அல்ல. ஒரே திரவம் இரண்டு விதமாக நகர்கிறது. மெல்லிய இடுக்கில் சாதாரணப் பகுதி சிக்கி நிற்க, மீப்பாய்மம் மட்டும் நழுவிச் செல்கிறது. ஆடும் வட்டைச் சாதாரணப் பகுதி பிடித்து நிறுத்துகிறது.

இதைக் கையில் எடுத்துக் காட்டியவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த எலெவ்தர் ஆந்த்ரோனிகாஷ்விலி. மாஸ்கோவில் கபீட்சாவின் நிறுவனத்தில் 1946இல் அவர் செய்த சோதனைதான் இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது. மெல்லிய அலுமினியத் தகடுகளை, இட்டிலித் தட்டு அடுக்குவதுபோல நூல் இடைவெளி விட்டு நிறைய அடுக்கி, நடுவே ஒரு தண்டில் கோத்து, முறுக்குக் கம்பியில் ஹீலியத்துக்குள் தொங்கவிட்டார். அடுக்கு வலமும் இடமுமாக மெதுவாக ஆடும். லாம்டா புள்ளிக்கு மேலே, தகடுகளுக்கு இடையிலுள்ள திரவம் முழுவதும் தகடுகளோடு சேர்ந்து ஆடுகிறது. எடை கூடிய அடுக்கு சோம்பலாக ஆடுகிறது. புள்ளிக்குக் கீழே போகப் போக ஆட்டம் விரைவாகிறது. தகடுகள் இழுத்தாலும் வராத பங்கு கூடிக்கொண்டே போகிறது. எவ்வளவு விரைந்தது என்பதிலிருந்து எவ்வளவு திரவம் கூட வரவில்லை என்று நேரடியாகக் கணக்கிடலாம். 1 கெல்வினுக்கு வரும்போது சாதாரணப் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியின் காந்தங்களை 1.9 கெல்வினில் குளிர்வித்து வைத்திருப்பது இதே மீப்பாய்ம ஹீலியம்தான். ஈயக் கருக்களை ஈயக் கருக்களோடு மோதவிடும் கூடம், சிதறலே இல்லாத திரவத்தில் மூழ்கிக் கிடக்கிறது.

ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. கணக்கின் எல்லை நொடிக்கு 59 மீட்டர். ஆனால் குழாய்களில் நொடிக்குச் சில சென்டிமீட்டரிலேயே உராய்வு தலைகாட்டிவிடும். இங்கே கடன் வாங்க வருவது ரோட்டான் அல்ல, சுழி. ஆற்றுச் சுழி எந்த வலுவிலும் இருக்கலாம். மீப்பாய்மத்தில் அப்படி முடியாது என்று லார்ஸ் ஆன்சாகர் 1949இல் சொன்னார். முழுப்படியால் மட்டுமே அளக்கலாம், அரைப்படி, ஆழாக்கு கிடையாது. அந்த ஒரு படி, பிளாங்க் மாறிலியை ஹீலியம் அணுவின் நிறையால் வகுத்தால் வருவது. நொடிக்கு ஏறத்தாழ 0.001 சதுர சென்டிமீட்டர். கேம்பிரிட்ஜின் ஜோ வைனன் ஒரு மெல்லிய கம்பியை அதிரவிட்டு அதை அளந்தார். ஹீலியம் வாளியைச் சுழற்றினால் திரவம் மொத்தமாகச் சுழலாது. நூல் நூலாகச் சுழிகள் உள்ளே நுழைந்து நிற்கும். இந்தச் சுழிநூல்கள்மேல் உறைந்த ஹைட்ரஜன் துகள்களை ஒட்டவைத்துக் கண்ணால் காணும்படி செய்தவர்களில் ஒருவர், பெங்களூரில் படித்து அமெரிக்கா சென்ற கே. ஆர். சீனிவாசன், அது வெளிவந்தது 2006இல்.

லாண்டாவின் எல்லையையே நேரடியாகத் தொட வேண்டும் என்றால் சுழி பிறக்க வாய்ப்பில்லாத சிறு பொருளை ஓட்ட வேண்டும். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பீட்டர் மெக்லின்டாக்கும் கூட்டாளிகளும் அழுத்தத்துக்கு உட்பட்ட ஹீலியத்தில் எதிர் அயனிகளை மின்புலத்தால் விரட்டினார்கள். ரோட்டான் வேகத்தைத் தாண்டும்வரை இழுவை மிகச் சொற்பம், தாண்டியதும் எழுகிறது. 1977இல் வந்த அந்த வரைபடத்தைப் பார்த்தாலே லாண்டாவின் கணக்கு புரிந்துவிடும்.

இப்போது சிதறலையும் சுழியையும் எடுத்துக்கொண்டு வானத்துக்குப் போகலாம். நியூட்ரான் விண்மீன் 20 முதல் 25 கிலோமீட்டர் விட்டத்துக்குள் ஒரு சூரியனுக்கும் மேலான நிறையை அடக்கியது. அதன் வெளி ஓடு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிமன். அங்கே அணுக்கருக்கள் படிக ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே போகப்போகக் கருக்களிலிருந்து நியூட்ரான்கள் வழிந்து இடைவெளியெங்கும் நிரம்புகின்றன. இந்த நியூட்ரான்கள் இணை சேர்ந்து மீப்பாய்மமாகும் என்று ஆர்காதி மிக்தால் 1959இலேயே எழுதினார். நியூட்ரான் விண்மீன் ஒன்றையும் அதுவரை யாரும் கண்டதில்லை. வெப்பநிலை அங்கே 10 கோடி கெல்வினாக இருக்கலாம். நியூட்ரான் இணையை உடைக்கத் தேவையான ஆற்றலோ 1,000 கோடி கெல்வின் என்ற கணக்கில் இருப்பதால், அதன் அளவுகோலில் அது கடுங்குளிர்.

இது ஊகமாகவே நின்றிருக்கும். 1969இல் ஆஸ்திரேலியாவில் வி. ராதாகிருஷ்ணனும் ரிச்சர்ட் மான்செஸ்டரும் வேலா பல்சாரை, அதாவது சுற்றிக்கொண்டே சீரான வானொலித் துடிப்புகளை அனுப்பும் ஒரு நியூட்ரான் விண்மீனை, கவனித்துக்கொண்டிருந்தார்கள். ராதாகிருஷ்ணன் சென்னை தண்டையார்ப்பேட்டையில் பிறந்தவர்; சர் சி. வி. ராமனின் மகன். வேலா 89 மில்லி நொடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. அந்தச் சுற்றுக்காலம் நாளொன்றுக்குச் சுமார் 11 நானோ நொடி கூடிக்கொண்டே போகும். பிப்ரவரி கடைசிக்கும் மார்ச் முதல் வாரத்துக்கும் இடையில் அது கூடுவதற்குப் பதிலாக ஏறத்தாழ 200 நானோ நொடி குறைந்திருந்தது. அமெரிக்காவில் ரைக்லியும் டவுன்ஸும் அதையே தனியாகக் கண்டார்கள். இந்தத் தாவலுக்குக் கிளிட்ச் என்று பெயர். வேலாவில் இது சராசரியாக மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. தாவிய பின் பழைய நிலைக்குத் திரும்ப நாட்களும் மாதங்களும் ஆகின்றன. உராய்வுள்ள பொருளாக இருந்தால் உடனே சமன்பட்டிருக்கும். உள்ளே மீப்பாய்மம் இருக்கிறது என்பதற்கு அந்தத் தாமதத்தைத்தான் சாட்சியாக எடுத்தார்கள்.

தாவலின் காரணமாக 1975இல் பிலிப் ஆண்டர்சனும் நவோகி இத்தோவும் சொன்னது சுழிகளை. வேலாவின் ஓட்டுக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70,000 சுழிநூல்கள் இருக்க வேண்டும். மீப்பாய்மம் வேகம் குறைய வேண்டுமானால் சுழிகள் வெளிநோக்கி நகர வேண்டும். ஆனால் அவை அணுக்கருக்களில் சிக்கிக்கொள்கின்றன, முள்வேலியில் மாட்டிய துணி போல. ஓடு மெதுவாகிக்கொண்டே போக, உள்ளிருக்கும் மீப்பாய்மம் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. வித்தியாசம் தாங்காத அளவுக்குக் கூடும்போது லட்சோபலட்சம் சுழிகள் ஒரே நேரத்தில் அறுத்துக்கொண்டு கிளம்புகின்றன. சேமித்த சுழற்சி ஓட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஆந்த்ரோனிகாஷ்விலியின் அடுக்கில் கூட வராத திரவத்தை அளந்தது போலவே, விண்மீனில் கூட வராத நியூட்ரானை இங்கே அளக்கிறோம். வேலாவின் தாவல்களை விளக்க, விண்மீனின் மொத்தச் சுழல் நிலைமத்தில், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் பண்பில், 1.5 விழுக்காடு அளவுக்காவது இப்படித் தனித்துச் சுற்ற வேண்டும். ஓட்டிலுள்ள நியூட்ரான் மீப்பாய்மம் அதற்குப் போதும் என்று பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தார்கள்.

2012இல் அந்த நிம்மதி கலைந்தது. பிரசல்ஸைச் சேர்ந்த நிக்கோலா ஷமெல், ஓட்டுக்குள் நகரும் நியூட்ரான் ஒரு படிகத்துக்குள் நகரும் அலை என்பதை நினைவூட்டினார். ஒழுங்காக அடுக்கிய கருக்களில் அந்த அலை சிதறும்; உலைக்கூடங்களில் படிகங்களை ஆராயப் பயன்படுத்தும் பிராக் சிதறல்தான் அது. அப்படிச் சிதறும் நியூட்ரான், இணைசேர்ந்த மீப்பாய்மமாக இருந்தும், அடுக்கோடு இழுபட்டுப் போகும். அவர் கணக்கில் சில அடுக்குகளில் நியூட்ரான்களின் பெரும்பகுதி ஓட்டோடு கட்டுண்டிருந்தது. தாவலுக்குத் தேவையான மீப்பாய்மம் நாலைந்து மடங்கு கூட வேண்டியதாயிற்று. சவுத்தாம்ப்டனின் நில்ஸ் ஆண்டர்சன் குழுவும் ஓட்டில் உள்ளது மட்டும் போதாது என்று அதே ஆண்டில் காட்டியது. இணை சேர்வதே அந்தச் சிதறலைப் பெருமளவு மழுங்கடித்துவிடும் என்று 2017இல் வதனபேயும் பெத்திக்கும் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. மீப்பாய்மத்தில் சிதறல் இல்லை என்று தொடங்கினோம். எவ்வளவு சிதறுகிறது என்ற கேள்வியில்தான் இன்று ஒரு விண்மீனின் கணக்கு நிற்கிறது.

கணக்கை நேராக்க மறுபடியும் ஆய்வகத்துக்கே வருகிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஜெஃபர்சன் ஆய்வகத்தில் ஈயம்-208 கருவின்மேல் எலக்ட்ரான்களைச் சிதறவிட்டு, அதன் மேற்புறத்தில் நியூட்ரான்கள் எவ்வளவு தடிமனுக்குத் துருத்திக்கொண்டிருக்கின்றன என்று அளந்தார்கள். 2021இல் வந்த விடை 0.283 ஃபெம்டோமீட்டர், பிழை எல்லை 0.071. நியூட்ரான் பொருளின் அழுத்தம் கூடினால் இந்தத் தோல் தடிக்கும். விண்மீனின் ஓடு எவ்வளவு தடிமன் என்பதும் அதே அழுத்தத்தைப் பொறுத்ததுதான். அடுத்த ஆண்டு கால்சியம்-48இல் செய்த அளவீடு தோல் மெல்லியது என்ற பக்கம் சாய்ந்தது. இரண்டையும் ஒரே கோட்பாட்டில் பொருத்தச் சிரமப்படுகிறார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று டாஸ்மேனியாவின் மவுண்ட் பிளசன்ட் வானொலித் தொலைநோக்கி வேலாவின் துடிப்புகளை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தபோது, கண்ணெதிரிலேயே ஒரு தாவல் நடந்தது. அந்த நேரத்தில் ஒரு துடிப்பு வரவே இல்லை. பின்னர் அதை ஆராய்ந்தவர்கள், விண்மீன் விரைவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 12.6 நொடிக்குள் என்று வரையறுத்தார்கள். சுழிகள் சுமந்த சுழற்சி ஓட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், நடுவில் எதன்மீதாவது எதுவாவது சிதறியாக வேண்டும்: சுழியின்மேல் எலக்ட்ரானோ, கருவை உரசிப்போகும் சுழியில் எழும் அதிர்வோ. 12.6 நொடிக்குள் அந்த வேலையை முடிக்கும் சிதறல் எது என்றுதான் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.